சம்பந்தி வீட்டு ஷாம்பேன்

நாற்பத்தேழு வயது வரையில் நமக்குத் தெரிந்த மதுப்புட்டியின் அளவு ஒன்றே ஒன்றுதான்: 180 மில்லி லிட்டர். நம் ஊரில் அதற்குக் 'குவார்ட்டர்' என்று பெயர். நம் தமையனார் காலமாகி இரண்டு வாரம் கழித்து, பரணில் ஏறிப் பழைய பாத்திரங்களை இறக்கியபோது, ஒரு பித்தளை அண்டாவுக்குள்ளிருந்து அப்படிப்பட்ட காலிப் புட்டிகள் 43 கிடைத்தன. எண்ணியது நாம்தான். அவருடைய மகள் அப்போது ஒன்பது வயதுக் குழந்தை. ஏணியின் கீழே நின்றுகொண்டு, நாம் கொடுத்த ஒவ்வொன்றையும் வாங்கித் தரையில் வரிசையாக அடுக்கினாள். அவை என்னவென்று அவளும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தைக்குச் சென்ற வருஷம் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர். ஊர், பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கே உள்ள ரேன்ஸ். பாரிஸ் நகரிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரம். பெண் அங்கே என்ஜினீயர் உத்தியோகத்தில் இருக்கிறாள். கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஓர் இரவு டெலிபோனில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஒரு சங்கடம். ஷாம்பேன் விளைகிறதே இந்த ஊரில்தான். கலியாணத்துக்கு எந்தப் புட்டி என்பதைச் சம்பந்திகள் இருவருமாகப் போய்ப் பார்த்து எடுக்கவேண்டும் என்று இவருடைய அப்பா ஆசைப்படுகிறார். வேண்டாம் என்று நானே சொல்லிவிடட்டுமா?"

"யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றோம்.

யோசிக்க நமக்கு மூன்று நாள் பிடித்தது. தமையனாரின் சிதைக்கு முன்னால் நின்று, இந்த வஸ்துவை ஆயுள் உள்ளவரையில் நாவில் வைப்பதில்லை என்று நாம் நம் தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நாவில் வைப்பதில்லை என்றால், கையால் தொடலாமா? விலை பேசலாமா? தர்ம சாஸ்திரத்தில் இதற்கெல்லாம் விதி இருப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னது நம் வீட்டு அம்மாள்தான். "நீங்கள் வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் நம் வீட்டுக் கலியாணத்துக்குச் சுண்ணாம்பு வாங்கி வந்தீர்களா, இல்லையா? போய் வாருங்கள். குழந்தைக்கு அப்பா ஸ்தானத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்றாள். கூடவே, மைசூர்ப் பாகு இரண்டு கிலோவும் கட்டிக் கொடுத்தாள்.

சம்பந்தி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், நம்மைப்போலவே வழுக்கை. அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்குப் பிரெஞ்சு தெரியாது. பெண் நடுவில் நின்று இரண்டையும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே அவர் நம்மை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். உபாத்தியாயருக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்தோம். 1945-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி ஜெர்மன் சைனியம் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இடம் அந்தப் பள்ளிக்கூடந்தானாம். அப்புறம் தேவாலயம். 1914-இல் குண்டு விழுந்து எரிந்ததைப் பிறகு கல்லுக்குக் கல் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். அந்த யுத்தத்தின்போது ஊர் ஜனங்கள் ஷாம்பேன் வைத்திருக்கும் பாதாள அறைகளில் போய்க் குடியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே நடந்தது. மேலே பீரங்கி, கீழே வாய்ப்பாடு! நம் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஓடு ஒழுகுகிறது என்று தலைமை ஆசிரியரிடம் நாம் சண்டை போட்டது ஞாபகம் வந்து, கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்தப் பாதாளங்களையும் பார்த்தோம். முற்காலத்தில் கட்டடத்துக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் அவை. உள்ளே கோடையிலும் குளிர்காலத்திலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறுவதில்லை. 2015-இல் அந்தக் குன்றுகளையும் பாதாளங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அங்கீகரித்தது.

இரண்டாம் நாள் காலை, ரேன்ஸுக்குத் தெற்கே உள்ள வெர்ஸெனே கிராமத்துக்குப் போனோம். திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் சமுத்திரம் கிடையாது. 1909-இல் ஒரு ஷாம்பேன் வியாபாரி விளம்பரத்துக்காகக் கட்டினாராம்! சம்பந்தியோடு சிறு வயதில் ஒரே வகுப்பில் படித்த ஒருவர் அந்தக் கிராமத்தில் தோட்டக்காரர். சொந்தத் தோட்டத்துத் திராட்சையைப் பறித்துத் தாமே ரஸம் செய்து விற்கிறவர். புட்டியின் சீட்டில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்று போட்டிருந்தால் இப்படிப்பட்டவர் சரக்கு என்றும், 'என்.எம்.' என்றிருந்தால் பிறரிடம் திராட்சை வாங்கிச் செய்கிற பெரிய வியாபார ஸ்தாபனத்தின் சரக்கு என்றும் அறியலாம். எந்த எழுத்திலும் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மேஜையின் மேல் ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு வாளி. வாளி எதற்கு என்று விசாரித்தோம்.

"துப்புவதற்கு" என்றாள் பெண்.

நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ வகை ருசி பார்க்கவேண்டியிருக்கிறது. விழுங்கினால் மதியத்துக்குள் புத்தி பேதலித்துவிடும். ஆகவே வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள். உலகத்திலேயே அதிகமாக ஷாம்பேன் பரீட்சை செய்கிறவர்கள் அதைக் குடிக்காதவர்கள்! நம் தமையனாருக்கு இந்த வாளியைப்பற்றி யாரும் சொல்லவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது.

நாம் நாவில் வைப்பதில்லை என்று பெண் முன்பே சொல்லியிருந்தாள் போலும். தோட்டக்காரர் வற்புறுத்தவில்லை. தம் மூக்கைத் தொட்டுக் காட்டி, இது போதும் என்று ஜாடை செய்தார். நமக்கு மூக்கின் மேல் நம்பிக்கை உண்டு. இருபத்திரண்டு வருஷமாகப் பரிசோதனைச் சாலையில் பையன்கள் எந்தக் குழாயில் எதைத் தவறாகக் கலந்தார்கள் என்பதை வராந்தாவிலிருந்தே கண்டுபிடித்து வந்திருக்கிறோம். காப்பிப் பொடியில் சிக்கரி கலந்திருந்தால், எத்தனை பங்கு என்பதுகூடச் சொல்வோம்.

இருந்தாலும் முதல் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது விரல் நடுங்கியது. தமையனாரின் மேல்துண்டில் இருந்த அந்த வாடை வரப்போகிறது என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முகர்ந்தோம். வந்தது வேறு. நேற்று அரைத்து, இரவு முழுவதும் பொங்கி, காலையில் மூடியைத் திறந்த தோசை மாவு! அம்மா சமையலறையின் மார்கழி மாதத்து வாசனை.

காரணம் ரஸாயனம்தான். திராட்சை ரஸம் ஒரு தடவை நொதித்து மதுவான பிறகு, அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே மறுபடியும் நொதிக்கிறது. கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ரஸத்திலேயே கரைகிறது. மோட்டார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. அதனால்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி. அந்தக் காலத்தில் புட்டிகள் வெடிக்குமென்று வேலைக்காரர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு பாதாளத்தில் இறங்குவார்களாம். வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகச் செத்துக் கிடக்கிறது. அதன்மேல் ரஸம் மாதக்கணக்கில் ஊறுகிறது. தோசை மாவு, புது ரொட்டி வாசனையெல்லாம் அந்த வண்டல் கொடுப்பவை. சாதாரண ஷாம்பேன் புட்டியில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம், ஒரே வருஷத்து விளைச்சல் என்று வருஷம் போட்டு விற்பதானால் மூன்று வருஷம் பாதாளத்தில் கிடக்கவேண்டும் என்பது சட்டம்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்னும் கிறிஸ்தவத் துறவி என்று ஊரெல்லாம் கதை. அவரோ, தம் காலத்தில் ரஸத்தில் குமிழி வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார்! அவர் அந்த மடத்துக்கு வந்தது 1668-இல். அதற்கு ஆறு வருஷம் முன்பே, மதுவில் சர்க்கரை சேர்த்துப் பொங்க வைக்கும் விஷயத்தை மெரெட் என்ற இங்கிலீஷ்காரர் லண்டன் ராயல் சொஸைட்டியில் எழுதி வாசித்துவிட்டார். இதைத் தோட்டக்காரரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தோம். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த புட்டியை எடுக்கப் போய்விட்டார்.

திராட்சை முக்கியமாக மூன்று ஜாதி. ஷார்தொனே வெள்ளை, பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்பு. கறுப்புத் திராட்சைக்கும் உள்ளே சாறு வெண்மைதான். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு ஊறவிடாமல் மெல்லப் பிழிந்தால் வெண்சாறு. வெள்ளைத் திராட்சை மட்டும் போட்டுச் செய்தது எலுமிச்சந்தோல், பச்சை ஆப்பிள் வாசனையாய், மெலிந்த குரலில் பாடுகிற பாகவதர் மாதிரி இருக்கிறது. கறுப்பு மட்டும் போட்டது கனத்த சாரீரம்; செம்பழங்களின் மணம். ரோஜா நிறத்தில் ஒன்று உண்டு. வெண்மதுவில் கொஞ்சம் செம்மது கலந்து செய்வது. பார்வைக்கு அழகு, விலையும் அழகு. பெரும்பாலான புட்டிகளில் வருஷம் போட்டிருக்காது. மூன்று ஜாதிகளையும், பல வருஷத்து இருப்புகளையும் கலந்து, ஒவ்வொரு வருஷமும் ஒரே ருசி வரும்படி செய்வது அது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. பீபெர்ரியும் பிளாண்டேஷனும் கலந்து காப்பி வறுத்துக் கொடுக்கும் நம் தெருக் கடைக்காரர் செய்வதும் இதே காரியந்தானே?

தித்திப்பு விஷயத்தில்தான் மோசம் போகக்கூடும். வண்டலை வெளியே தள்ளிய பிறகு, கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குள் இருந்தால் 'ப்ரூட்'. 'எக்ஸ்ட்ரா டிரை' என்ற பெயரைக் கேட்டால் இன்னும் வறண்டது என்றுதானே தோன்றும்? இல்லை, அதில் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு! 'ஸெக்' என்றால் பிரெஞ்சில் வறட்சி. அதில் 32 கிராம் வரையில் போகலாம். 'தெமி ஸெக்' 50 வரையில். பெயர் வைத்தவர்கள் காலத்தில் ஜனங்கள் அவ்வளவு தித்திப்பாய்க் குடித்தார்கள். அந்தக் கணக்கில் இது வறட்சிதான். 1874-இல் பொம்மெரி என்னும் விதவை அம்மாள் இங்கிலீஷ்காரர்களுக்காகத் தித்திப்பைக் குறைத்து விற்று ஜயித்தார். அதற்கு முன்னால் க்ளிக்கோ என்னும் அம்மாள். 1805-இல் புருஷனை இழந்தபோது அவருக்கு வயது 27. வியாபாரத்தைத் தாமே எடுத்து நடத்தினார். புட்டிகளைத் துளையிட்ட மேஜையில் தலைகீழாகச் செருகித் தினம் சிறிது திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் உபாயம் அவருடைய பாதாளத்தில் தோன்றியது என்கிறார்கள். இந்தக் கதையை மொழிபெயர்க்கும்போது நம் பெண்ணின் குரல் தாழ்ந்தது. அவளுக்கும் வயது 27. அவளுடைய தாயாருக்கும் புருஷனை இழந்தபோது ஏறக்குறைய அதே வயதுதான். அவளுக்குக் கிடைத்தது வியாபாரம் அல்ல, தையல் இயந்திரம்.

நாம் மைசூர்ப் பாகை எடுத்து மேஜையில் வைத்தோம். கலியாணத்தன்று இதுவும் பரிமாறப்போகிறோம், இதற்கு எது பொருந்தும் என்று கேட்டோம். தோட்டக்காரர் ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார். அதன்மேல் ஒரு வாய் ப்ரூட் பருகினார். முகம் புளியங்காய் கடித்த முகம் ஆயிற்று. தித்திப்பின் மேல் வறண்ட ரஸம் புளிப்பாய்த்தான் தெரியும். எழுந்து போய்த் தெமி ஸெக் கொண்டுவந்தார். மறுபடியும் மைசூர்ப் பாகு. மறுபடியும் ஒரு வாய். இந்தத் தடவை வாளியைப் பார்க்கவேயில்லை! மூன்றாவது துண்டுக்கும் கை நீட்டினார்.

பாக்கி இருந்தது புட்டியின் அளவு. இங்கேதான் சம்பந்திக்கும் தோட்டக்காரருக்கும் வாக்குவாதம் முற்றியது. விருந்தாளிகள் 60 பேர். ஆளுக்கு இரண்டு கிண்ணம்; ஆக 120. முக்கால் லிட்டர்ப் புட்டி ஒன்றில் ஆறு கிண்ணம் வரும். 20 புட்டி வேண்டும். இந்தக் கணக்கை நாம் வாயாலேயே போட்டுச் சொன்னோம். சம்பந்தி எழுந்து நின்று, அப்படியானால் 20 புட்டியும் அடங்கும் 'நெபுகத்நேசர்' ஒன்று வாங்கிவிடலாம் என்றார்.

பெரிய புட்டிகள் பலவற்றுக்கும் விவிலியத்து ராஜாக்கள், பெரியோர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு புட்டி கொண்டது மாக்னம். நாலு கொண்டது ஜெரோபோவாம். எட்டு, மெத்தூசலா. பன்னிரண்டு, சால்மனசார். பதினாறு, பல்தசார். இருபது, நெபுகத்நேசர்: 15 லிட்டர், தூக்க இரண்டு பேர் வேண்டும். நடுக் கூடத்தில் வைத்தால் பிரமாதமாய்த்தான் இருக்கும். பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை என்ற குறை தெரியாதபடி, கலியாணம் பெரிதாக நடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நாம் புரிந்துகொண்டோம்.

தோட்டக்காரர் சம்மதிக்கவில்லை. அரைப் புட்டி முதல் ஜெரோபோவாம் வரையில், எந்தப் புட்டியில் நொதித்ததோ அதே புட்டியில்தான் விற்கவேண்டும் என்று விதி. அதற்கு மேற்பட்ட ராட்சசப் புட்டிகளுக்கு அந்த விதி கிடையாது. சிறு புட்டிகளைத் திறந்து அவற்றில் ஊற்றி நிரப்பிவிடலாம். ஊற்றும்போது காற்றுப் பட்டுச் சாரம் குறைகிறது. எல்லாவற்றிலும் சிறந்தது மாக்னம் என்றார். ரஸம் இரண்டு மடங்கு; ஆனால் கழுத்தில் தங்கும் காற்று அநேகமாய் ஒரு புட்டிக்குள்ள அளவே. ஆகையால் நிதானமாக மூப்படைகிறது.

"மிகச் சிறியதற்கு என்ன விதி?" என்று கேட்டோம்.

"20 சென்டி லிட்டரில் ஒன்று உண்டு. இங்கே அதைக் 'கார்' என்பார்கள், கால் என்று அர்த்தம். அதையும் ஊற்றி நிரப்பலாம். விரைவில் கெட்டுப்போகும். தனியாகக் குடிக்கிறவர்களுக்கு அது" என்று பெண் மொழிபெயர்த்தாள். பிறகு அவளே தமிழில், "நம்மூர்க் குவார்ட்டர்தான், சித்தப்பா" என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நாம் கேட்டது அதுவே முதல் தடவை. பித்தளை அண்டாவை அவளும் மறக்கவில்லை.

முடிவில் ப்ரூட் மாக்னம் எட்டும், தெமி ஸெக் சாதாரணப் புட்டி நாலும் எடுப்பதென்று தீர்மானம் ஆயிற்று. ப்ரூட்டில் எந்த வகை என்பதை நம் மூக்குக்கு விட்டுவிட்டார்கள். மூன்று ஜாதியும் கலந்ததை, அந்தத் தோசை மாவை, நாம் தொட்டுக் காட்டினோம். தோட்டக்காரர் நம் முதுகில் தட்டினார். ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோசை மாவுக்குப் பின்னால், கிண்ணம் கொஞ்சம் சூடேறிய பிறகு, இன்னொரு வாசனையும் மெல்ல வந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு எத்தில் ஆல்கஹால். விலை உயர்ந்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. அதை முகர்ந்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டோம்.

கலியாணம் நகர மண்டபத்தில், மேயருக்கு எதிரில், இருபது நிமிஷத்தில் முடிந்தது. மாங்கல்யம் பிறகு தோட்டத்தில் கட்டினார்கள். சம்பந்தி முதல் மாக்னத்தைத் திறந்தார். கம்பியை ஆறு தரம் திருகி, தக்கையைப் பிடித்துக்கொண்டு புட்டியை மட்டும் மெல்லச் சுற்றினார். வெடிச் சத்தம் வரக் கூடாதாம்; பெருமூச்சு மாதிரி வரவேண்டுமாம். அப்படியே வந்தது. எல்லோர் கையிலும் கிண்ணம். தகப்பனார் ஸ்தானத்தில் நின்ற நம் கையிலும் ஒன்று. உயர்த்தவேண்டிய சமயத்தில் உயர்த்தினோம். பிறகு ஜன்னல் திண்ணையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிண்ணத்தில் பத்து லட்சம் குமிழிகள் எழுகின்றன என்று ரேன்ஸ் சர்வகலாசாலையில் லிஜே பெலேர் என்னும் பௌதிக சாஸ்திரி கணக்கிட்டிருக்கிறார். கண்ணாடியில் ஒட்டிய நுண்ணிய நூலிழையிலிருந்து அவை ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளம்புவது நன்றாகவே தெரிந்தது. எண்ணத்தான் முடியவில்லை.

மாப்பிள்ளையின் பாட்டி, எண்பதைக் கடந்தவர், நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொடாத கிண்ணத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். நாம் விழித்தோம். மணப்பெண் பட்டுப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நம்மைக் கேட்காமல், தானே பாட்டிக்கு வெகு நேரம் பிரெஞ்சில் பதில் சொன்னாள். பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாய்?" என்றோம்.

"அப்பாவைப்பற்றிச் சொன்னேன், சித்தப்பா."

பாட்டி மறுபடி ஏதோ கேட்டார். அப்பாவின் பெயர் என்ன என்று கேட்கிறார் என்றாள். சொன்னாள். பாட்டி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை, இன்னொரு தரம் சொன்னார். மூக்கால்தான் வந்தது. ஆனாலும் அது நம் அண்ணாவின் பெயர்தான்.